மேலிருந்து வந்த கை

ஒரு காட்டில், மலைச்சாலை ஓடையைத் தாண்டித் திரும்புகிற இடத்தில், தாவி என்றொரு மந்தி இருந்தது. மந்தி என்றால் பெண் குரங்கு. தாவி நல்ல குரங்குதான். ஆனால் அதன் கை மட்டும் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. பூவைக் கண்டால் பறிக்கும். புற்றைக் கண்டால் கிளறும். பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும், கேட்காமலே தலையில் பேன் பார்க்கத் தொடங்கிவிடும்.

ஒருநாள் காலையில் சாலையோரம் ஒரு வண்டி வந்து நின்றது. உள்ளே இருந்தவர்கள் ஓர் அட்டைப்பெட்டியை இறக்கி வைத்தார்கள். பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள்.

தின்ன ஏதாவது இருக்கும் என்று தாவி ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தது. உள்ளே ஒரு முயல்குட்டி இருந்தது. காட்டு முயல்கள் மண் நிறத்தில் இருக்கும். புல்லுக்குள் பதுங்கினால் கண்ணுக்குத் தெரியாது. இதுவோ பால் போல வெளுப்பு. எங்கே நின்றாலும் பளிச்சென்று தெரியும். ஒளியவும் அதற்குத் தெரியவில்லை. வளை தோண்டவும் தெரியவில்லை. பெட்டியின் மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது.

"நான் வளர்க்கிறேன் உன்னை," என்றது தாவி. முயலுக்குப் பஞ்சி என்று பெயரும் வைத்தது.

ஓடைக்கரையில் புயலில் முறிந்த ஒரு நாவல் மரம் இருந்தது. அதன் அடிப்பகுதி மட்டும் நின்றது. உள்ளே பொந்து விழுந்து, மேலே வாய் திறந்த பெரிய பானையைப் போல இருந்தது. நரி எவ்வளவு எம்பினாலும் அதன் விளிம்பு எட்டாது. தாவி அதற்குள் இலைகளைப் பரப்பிப் பஞ்சியைக் குடி வைத்தது.

முதல் சில வாரங்கள் நன்றாகவே போயின. தாவி விளிம்பில் உட்கார்ந்து கையை உள்ளே விடும், பஞ்சியைப் பிடித்து மேலே தூக்கும், மடியில் வைத்துத் தடவும், காதை நீவும், காலைப் பிரித்து எண்ணும். பஞ்சி ஒன்றும் செய்யாது. அசையாமல் கிடக்கும்.

"எவ்வளவு சாது பாருங்கள்," என்று தாவி போகிற வருகிறவர்களிடமெல்லாம் காட்டும்.

மழைக்காலம் வந்தது. பஞ்சி வளர்ந்து முழு முயலானது. ஒருநாள் காலையில் தாவி வழக்கம்போலக் கையை உள்ளே விட்டதும் சுருக்கென்று வலித்தது. வெளியே எடுத்துப் பார்த்தால் விரலில் இரண்டு பல் தடங்கள் பதிந்திருந்தன.

"என்னையா கடித்தாய்?" என்றது தாவி. தாவியால் நம்பவே முடியவில்லை.

மறுநாளும் கடி விழுந்தது. உள்ளே கிடந்த பழைய இலையைக் கூட்டி வெளியே போடும்போது பஞ்சி பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தது. புதிய தழையைக் கீழே வைத்தபோது முன்னங்கால்களால் படபடவென்று அறைந்தது. கையைக் கண்டாலே உறுமியது.

பக்கத்துப் பாறைக் குகையில் ஒரு கரடி இருந்தது. எதையும் ஓர் அறையில் தீர்த்துவிடலாம் என்பது அதன் எண்ணம். தாவி அதனிடம் போய் விரலைக் காட்டியது.

"இதற்கா அழுகிறாய்?" என்றது கரடி. "கடித்தால் மூக்கில் ஒன்று போடு. அடுத்த முறை கடிக்காது."

"அவ்வளவு சின்ன மூக்கிலா, அண்ணே?"

"சின்ன மூக்குக்குச் சின்ன அடி."

தாவி அப்படியே செய்தது. கடி விழுந்ததும் பஞ்சியின் மூக்கில் பட்டென்று ஓர் அடி கொடுத்தது. பஞ்சி சுருண்டு மூலைக்குப் போனது. அன்று முழுக்கத் தழையைத் தொடவில்லை. மறுநாள் தாவியின் கை உள்ளே நுழைந்தபோது, அடி விழும் முன்பே கடித்துவிட வேண்டும் என்று காத்திருந்ததுபோல, எலும்பு வரைக்கும் கடித்தது.

தாவி அலறிக்கொண்டு பக்கத்து மரத்தின் கிளைக்குத் தாவியது. ரத்தம் வழிந்த கைக்குப் பிடி கிடைக்கவில்லை. கிளை நழுவ, தாவி ஓடைக் கற்களின் மேல் போய் விழுந்தது. குரங்கு மரத்திலிருந்து விழுவதைப் பார்த்துத் தவளைகள் சத்தத்தை நிறுத்திவிட்டன.

அந்த நேரம் பார்த்து அங்கே வந்தது நரி. நரிக்கு நாக்கு முழுக்கத் தேன்.

"அடடா, தங்கச்சி, கையெல்லாம் ரத்தமாக இருக்கிறதே. யார் செய்தது?" என்றது.

"நான் வளர்த்த முயல்தான்," என்றது தாவி.

"எனக்கு அப்போதே தெரியும். ஊருக்குள் வளர்ந்தது காட்டுக்குள் வந்தால் இப்படித்தான். உன்மேல் தப்பே இல்லை, தங்கச்சி. பிறவியிலேயே கெட்ட குணம். இன்று விரல், நாளைக்குக் கண்." நரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "நீ இளகின மனசுக்காரி. உன்னால் திருத்த முடியாது. என்னிடம் கொடு. என் குகையில் வைத்துச் சொந்தப் பிள்ளைபோல வளர்க்கிறேன். பொறுமையாக இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும்."

தாவிக்கு விரல் வலித்தது. முதுகு வலித்தது. அதைவிட, தான் ஆசையாக வளர்த்தது தன்னையே கடித்ததுதான் அதிகமாக வலித்தது.

"எடுத்துக்கொண்டு போ," என்றது. "நாளைக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்போது வா. தருகிறேன்."

நரி உடனே பாறைப் பக்கம் திரும்பியது. "கரடியண்ணே, கேட்டீர்கள் அல்லவா? நான் பிள்ளைபோல வளர்ப்பேன் என்றேன். தாவி தருகிறேன் என்றது. நீங்களே சாட்சி."

"கேட்டேன்," என்றது கரடி. "வாக்கு வாக்குதான்."

மறுநாள் பகல் முழுவதும் தாவி நாவல் மரத்தின் பக்கம் போகவில்லை. எட்ட ஒரு பாறையில் உட்கார்ந்து கையை நக்கிக்கொண்டிருந்தது. மரத்துக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வெயில் சாயத் தொடங்கியதும், கடைசியாக ஒரு பிடி அருகம்புல்லாவது போடலாமே என்று எழுந்து புல்லைப் பறித்துக்கொண்டு போனது.

மரத்தின் விளிம்பில் ஏறி நின்றபோது தாவியின் மேல் ஒரு நிழல் விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தது. ராஜாளிக் கழுகு. இறக்கையை மடக்கிக்கொண்டு நேராக இறங்கிக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் தாவி ஒரே பாய்ச்சலில் அடர்ந்த கிளைக்குள் போயிருக்கும். இன்று கை பிடிக்காது. வேறு வழி தெரியாமல் பொந்துக்குள்ளேயே குதித்துவிட்டது.

உள்ளே குறுகலாக, ஈரமாக இருந்தது. தலைக்கு மேலே வட்டமாகக் கொஞ்சம் வானம் தெரிந்தது. அந்த வட்டம் சட்டென்று இருண்டது. கழுகு விளிம்பில் வந்து உட்கார்ந்துவிட்டது. பிறகு மேலேயிருந்து ஒரு கால் இறங்கியது. வளைந்த நீண்ட நகங்கள் விரிந்தும் மடங்கியும் சுவரைத் தடவின. இடப்பக்கம் தேடின. வலப்பக்கம் தேடின. தாவியின் தோளைத் தொட்டன.

ஓட இடமில்லை. தாவி என்ன செய்கிறோம் என்று யோசிக்கவே இல்லை. வாயைத் திறந்து அந்தக் காலைக் கடித்தது. பல் எவ்வளவு இறங்குமோ அவ்வளவும் இறங்கும்படி கடித்தது.

கழுகு கத்திக்கொண்டு காலை இழுத்தது. இறக்கை அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. வட்டத்தில் மறுபடி வானம் வந்தது.

தாவி மூச்சு வாங்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றது. வாயில் ரத்தம் கரித்தது. எதிர் மூலையில் பஞ்சி காதை முதுகோடு படிய வைத்து, கண்ணை அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"போய்விட்டதா?" என்று கேட்டது பஞ்சி.

"எது?"

"கை."

"அது கை இல்லை. கழுகின் கால்."

"எனக்கு வித்தியாசம் தெரியவில்லை," என்றது பஞ்சி. "மேலிருந்து வந்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. முதலில் இருட்டுகிறது. பிறகு இறங்கி வருகிறது. பிறகு தூக்குகிறது."

தாவி மேலே இருந்த வட்டத்தைப் பார்த்தது. தினமும் அந்த விளிம்பில் உட்கார்ந்து குனிந்து பார்த்திருக்கிறது. ஒருநாளும் கீழேயிருந்து மேலே பார்த்ததில்லை.

"பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொல்லியிருக்கலாமே," என்றது.

"சொன்னேனே. பின்னங்காலைத் தரையில் தட்டிச் சொன்னேன். காதை மடக்கிச் சொன்னேன். உறுமிச் சொன்னேன். உன் கை நிற்கவில்லை. கடைசியில்தான் கடித்தேன். அப்போதுதான் நின்றது."

தாவிக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. டப் டப் என்று கால் தட்டும் சத்தத்தைக் கேட்டு, "என் முயல் ஆடுகிறது பாருங்கள்" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டியது அதுதான்.

"சின்னதாக இருந்தபோது நீ ஒன்றும் செய்யவில்லையே? மடியில் பேசாமல் கிடந்தாயே?"

"அப்போது கடிக்கத் தெரியவில்லை. பயத்தில் உறைந்து கிடந்தேன்."

தாவியின் காலடியில் மெத்தென்று ஏதோ பட்டது. குனிந்து பார்த்தது. காய்ந்த இலைகளைக் குழிவாக அடுக்கி, நடுவில் வெள்ளை முடியைக் குவித்து, பஞ்சி ஒரு படுக்கை செய்து வைத்திருந்தது. அதன் நெஞ்சுப் பக்கத்தில் முடி இல்லை. தோல் தெரிந்தது. தன் முடியைத் தானே பிடுங்கிப் போட்டிருக்கிறது.

"இதைத்தான் நீ தினமும் கூட்டி எடுத்தாய்," என்றது பஞ்சி. "நானும் தினமும் புதிதாகச் செய்தேன்."

"குப்பை என்று நினைத்தேன். எதற்கு இது?"

"குட்டிகளுக்கு."

"உனக்குக் குட்டிகள் இல்லையே."

"எனக்கும் தெரியும். ஆனாலும் உடம்பு செய் செய் என்கிறது. இதன் பக்கத்தில் யார் வந்தாலும் விரட்டு என்கிறது."

தாவி தன் கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. நரி வருகிற நேரம்.

"பஞ்சி, இந்த முடியில் கொஞ்சம் எனக்குத் தருவாயா?" என்று கேட்டது தாவி. "நீ வேண்டாம் என்றால் தொட மாட்டேன்."

பஞ்சி தாவியைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு ஒரு பிடி முடியை மூக்கால் முன்னே தள்ளியது.

தாவி அதை எடுத்து, நடுவில் இலையை வைத்து உருண்டையாகச் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டது. மெல்ல ஏறி வெளியே வந்தது.

நரி ஏற்கெனவே மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. கரடியும் குகையிலிருந்து வந்து சாவகாசமாக முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது.

"கொண்டு வா, தங்கச்சி. பாவம், பிள்ளை பசியோடு இருக்கும்," என்றது நரி.

"எனக்கு மனம் மாறிவிட்டது, நரியாரே. பஞ்சிமேல் தப்பில்லை."

நரி கரடியைப் பார்த்தது. "அண்ணே, வாக்கு என்ன ஆயிற்று?"

"வாக்கு வாக்குதான்," என்றது கரடி. "தருகிறேன் என்றாய், தாவி. தரத்தான் வேண்டும்."

"தருகிறேன்," என்றது தாவி. "பிள்ளைபோல வளர்ப்பேன் என்று இவரும்தான் வாக்குக் கொடுத்தார். அண்ணே, அதையும் நீங்கள் கேட்டீர்கள் அல்லவா?"

"கேட்டேன்."

"அப்படியானால் ஒன்றே ஒன்று. மேலேயிருந்து தூக்கினால் பஞ்சிக்குப் பயம். தரையில் அசையாமல் கிடந்தால் தானாகப் பக்கத்தில் வந்து மோந்து பார்க்கும். பஞ்சியை நான் மெல்ல வெளியே விடுகிறேன். நரியார் மூக்கைத் தரையில் வைத்து, கண்ணை மூடிப் படுக்கட்டும். பஞ்சி வந்து மோந்து பார்க்கிற வரைக்கும் பேசாமல் கிடந்தால் கூட்டிக்கொண்டு போகட்டும். பொறுமையாக இருக்கத் தெரியும் என்று அவரே சொல்லியிருக்கிறார்."

"இது சரியான பேச்சு," என்றது கரடி.

"இவ்வளவுதானா?" என்றது நரி. முன்னங்காலை நீட்டி, மூக்கைத் தரையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. பார்த்தால் தூங்கும் குட்டிபோல அவ்வளவு சாந்தமாக இருந்தது.

தாவி விளிம்பில் ஏறி, "வா பஞ்சி, மெதுவாக வா," என்று நரிக்குக் கேட்கும்படி சொன்னது. பிறகு சத்தமில்லாமல் இறங்கி வந்து, முடி உருண்டையைத் தரையில் வைத்து, ஒரு குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக நரியின் பக்கம் உருட்டியது. முயல் வாசனை முன்னால் போனது. நரியின் மூக்குத் துவாரங்கள் விரிந்தன. வாயோரம் எச்சில் கசிந்து மண்ணை நனைத்தது. உருண்டை இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. மெத்தென்று மூக்கில் பட்டது.

லபக்.

நரி கண்ணைத் திறப்பதற்குள் பல் மூடிவிட்டது. தலையை இரண்டு பக்கமும் உதறியது, இரையின் கழுத்தை முறிக்க உதறுவதுபோல. அதன் பிறகுதான் கண்ணைத் திறந்து பார்த்தது. எதிரே கரடி நின்றது. நரியின் வாயின் இரண்டு ஓரத்திலும் வெள்ளை முடி தொங்கியது.

"தும்மல் வந்துவிட்டது, அண்ணே," என்றது நரி. முடி தொண்டையில் சிக்கியதால் சரியாகப் பேச வரவில்லை.

"இப்படித்தான் பிள்ளை வளர்ப்பாயா?" என்று கேட்டது கரடி.

நரி பதில் சொல்ல நிற்கவில்லை. கரடி ஓர் அடி முன்னால் வைத்ததும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடைக்கு அந்தப் பக்கம் போனது. கரடி இருக்கிற வரைக்கும் அது இந்தக் கரைக்கு வரவில்லை.

நரி துப்பிவிட்டுப் போன முடி உருண்டையைக் கரடி காலால் புரட்டிப் பார்த்தது. "நான் அறையச் சொன்னேனே, அறைந்தாயா?"

"அறைந்தேன்."

"குறைந்ததா?"

"கூடியது."

கரடி தன் பெரிய முன்னங்காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டது. "இப்போது இதை வைத்து என்ன செய்யட்டும், சொல்," என்றது.

"வேரடியில் ஒரு வழி திறந்து கொடுங்கள், அண்ணே. முயல் மட்டும் நுழைகிற அளவுக்கு. ஆனால் இன்று வேண்டாம். உள்ளே படுக்கை இருக்கிறது. பஞ்சிக்கு அது தேவைப்படாமல் போன பிறகு."

கொஞ்ச நாளில் பஞ்சியே அந்தப் படுக்கையை மறந்துவிட்டது. உடம்பு சொன்னது ஓய்ந்துவிட்டது. பிறகு கரடி வந்து, வேரின் இடுக்கில் நகத்தைக் கொடுத்து ஒரு துளை செய்தது. உள்ளே இருந்த பஞ்சி நடுங்காமல் இருக்க, கொஞ்சம் தோண்டி, நிறுத்தி, மறுபடி கொஞ்சம் தோண்டியது. கரடி ஒரு வேலையை அவ்வளவு மெதுவாகச் செய்ததை அந்தக் காட்டில் யாரும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு தாவி மேலிருந்து கையை விடுவதை நிறுத்திவிட்டது. கீழ்வழியின் பக்கவாட்டில் வந்து உட்காரும். முதலில் குரல் கொடுக்கும். தழையை வாசலில் வைக்கும். பஞ்சி மேய வெளியே வந்த பிறகுதான் உள்ளே கூட்டும். அப்போதும் பாதி இலையை அப்படியே விட்டுவிடும், பஞ்சிக்குத் தன் வீட்டு வாசனை தெரிய வேண்டும் என்று. கால் தட்டும் சத்தம் கேட்டால், என்ன செய்துகொண்டிருந்தாலும் அதை அங்கேயே நிறுத்தும்.

தாவிக்கு இது சுலபமாக இல்லை. அதன் கைதான் சும்மா இருக்காதே. பஞ்சியின் வெள்ளை முதுகு பக்கத்தில் போகும்போதெல்லாம் விரல் துடிக்கும். அப்போது தாவி ஒரு கல்லை எடுத்து இறுகப் பிடித்துக்கொள்ளும்.

நடுவில் ஒருநாள் பஞ்சி மறுபடியும் கடித்தது. மேயும்போது தாவியின் கை தெரியாமல் அதன் பின்னங்காலில் பட்டுவிட்டது. அவ்வளவுதான், திரும்பி ஒரு கடி.

தாவி கையை இழுத்துக்கொண்டது. அடிக்கவில்லை. திட்டவுமில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பஞ்சி அந்தக் காலைச் சரியாக ஊன்றவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பாதத்தின் அடியில் முடி உதிர்ந்து தோல் புண்ணாகியிருந்தது. மழை ஈரத்தில் ஊறிய இலைமேலேயே படுத்துக் கிடந்ததால் வந்த புண்.

"வலிக்கிறதா?" என்று கேட்டது தாவி.

"தொட்டால் வலிக்கிறது," என்றது பஞ்சி.

தாவி அன்றே ஈர இலைகளை அகற்றியது. பாறைமேல் காயவைத்த புல்லைத் தடிமனாகப் பரப்பியது. பொந்தின் மேல்வாயில் பனையோலையை வைத்து மழையை மறைத்தது. புண் ஆற நாளானது. ஆறிய பிறகு கடியும் இல்லை.

மழை விட்டு, ஓடை தெளிந்து ஓடத் தொடங்கிய ஒரு காலையில் தாவி நாவல் மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. கை தரையில் கிடந்தது. பஞ்சி வாசலுக்கு வந்தது. மூக்கை அசைத்துக்கொண்டு நின்றது. ஓரடி வந்து, நின்று, திரும்பிப் பார்த்து, இன்னும் ஓரடி வந்தது. தாவியின் விரல்களை ஒவ்வொன்றாக மோந்தது. தான் கடித்த விரல் வந்ததும் அங்கே கொஞ்ச நேரம் நின்றது.

தாவி மூச்சை அடக்கிக்கொண்டது. பிடித்துக்கொள்ளக் கையில் கல்கூட இல்லை. தடவ வேண்டும் என்று தோள் வரைக்கும் குறுகுறுத்தது. ஆனாலும் கையை அசைக்கவில்லை.

பஞ்சி தலையைத் தாழ்த்தி, அந்தக் கையின் அடியில் தானே நுழைத்துக்கொண்டது.

நீதி: கடிக்கிற வாயைத் தண்டிக்கும் முன், அதைக் கடிக்க வைத்தது எது என்று பார்.